ஏலம் கேட்குமுன் எங்களைக் கேளுங்கள்

பள்ளுருத்தி அழகியகாவு பகவதி கோயிலை ஒட்டி ஆண்டுதோறும் ‘புலவாணிபம்’ என்னும் சந்தை கூடுகிறது. மலையாள தனு மாதத்தின் கடைசி வியாழக்கிழமை அதற்குரிய நாள். கோயிலை நெருங்கவே தடை இருந்த காலத்தில், புலையர் சமூகத்தினர் அந்த ஒரு நாளில் மட்டும் வந்து வழிபடவும் விற்கவும் இசைவு பெற்றிருந்தனர் என்பது ஊரார் கூறும் வரலாறு. பாய், கூடை, மண்பாண்டம், உலர்மீன் எனப் பலவும் அங்கே விற்பனைக்கு வருகின்றன. பாயை விரித்துப் பார்க்காமலும், சட்டியைத் தட்டிப் பார்க்காமலும் எவரும் விலை பேசுவதில்லை.

நூறு ரூபாய்ச் சட்டிக்குக் காட்டும் அந்த எச்சரிக்கையை, இருபது லட்சம் ரூபாய் மனையை இணையவழி ஏலத்தில் எடுக்கும்போது நாம் காட்டத் தவறுகிறோம். இவ்வூர்க் கிளையில் பணியாற்றும்போது இதை நேரில் கண்டேன். நேர்ந்த பிழையில் எனக்கும் சிறு பங்கு உண்டு. ஆகவேதான் இதனை எழுதுகிறேன்.

ஐந்து சென்ட் இடம்

திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து வந்து, பன்னிரண்டு ஆண்டுகளாகப் பள்ளுருத்தியில் பலசரக்குக் கடை நடத்தும் வாடிக்கையாளர் ஒருவர் எங்களுக்கு உண்டு. கிளையில் அனைவருக்கும் அவர் அண்ணாச்சிதான். வாடகை வீட்டில் குடியிருப்பவர். சொந்த வீடு ஒன்று அமைய வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் விருப்பம்.

ஒரு நாள் காலை 1,80,000 ரூபாய் அனுப்புவதற்கான நெஃப்ட் படிவத்துடன் வந்தார். “ஏலத்துக்கு முன்பணம் சார். கும்பளங்கிப் பக்கம் அஞ்சு சென்ட். வேறொரு பேங்க்ல ஏலத்துக்கு விடுறாங்க” என்றார். “நல்லது அண்ணாச்சி, அமையட்டும்” என்று வாழ்த்திப் படிவத்தில் கையொப்பமிட்டேன். ஏல அறிவிப்பைக் காட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. வரிசையில் பலர் காத்திருந்தனர்.

ஒன்பது நாட்களுக்குப் பின் இனிப்புப் பொட்டலத்துடன் வந்தார். குறைந்தபட்ச விலை 18 லட்சம். அவருக்கு 21,40,000 ரூபாயில் முடிந்திருந்தது. பொதுவாக இத்தகைய ஏலங்களில், கடைசி சில நிமிடங்களில் ஒருவர் கூட்டிக் கேட்டால் ஏல நேரம் தானாகவே நீளும். அவ்வாறு நீண்ட ஒவ்வொரு முறையும் பத்தாயிரம், பத்தாயிரமாகத் தாம் கூட்டியதை மகிழ்ச்சியுடன் விவரித்தார். மீதித் தொகைக்கு எங்களிடம் கடன் கேட்டு வந்திருந்தார்.

அவர் கொண்டுவந்த நில வரி ரசீதின் நகலைப் பார்த்தேன். இடத்தின் வகை என்ற கட்டத்தில் ‘நிலம்’ என்று இருந்தது.

“அண்ணாச்சி, இது நிலம் என்றல்லவா இருக்கிறது?” என்றேன்.

“நிலந்தானே சார் வாங்குறோம்?” என்றார் அவர்.

தமிழில் அது சரியான கேள்வி. ஆனால் கேரள வருவாய்ப் பதிவேடுகளில் ‘நிலம்’ என்றால் நெல்வயல். வீடு கட்டத்தக்க இடத்திற்குப் ‘புரையிடம்’ என்று பெயர். 2008ஆம் ஆண்டு கேரள நெல்வயல் மற்றும் ஈரநிலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, உரிய அனுமதியின்றி வயலின் தன்மையை மாற்றவோ, அதில் வீடு கட்டவோ இயலாது. பள்ளுருத்திக்குத் தெற்கே கும்பளங்கி, செல்லானம் பகுதிகள் பொக்காளி நெல் விளையும் பூமி. எப்போதோ மண் நிரப்பித் தென்னை வைத்த இடமாயினும், பதிவேட்டில் ‘நிலம்’ என்றே தொடர்வது இங்கு அரிதன்று. அண்ணாச்சி இடத்தை நேரில் சென்று பார்த்தவர்தாம். அவர் கண்டது தென்னையும் உலர்ந்த மண்ணும். பதிவேட்டை அவர் பார்க்கவில்லை. விற்கும் வங்கியிடம் முன்னரே கேட்டிருந்தால் ஆவண நகல்களைக் காட்டியிருப்பார்கள்; ஏலம் முடிந்த பின்னரே அவர் கேட்டார்.

வகை மாற்றத்திற்கு வருவாய்க் கோட்ட அலுவலரிடம் விண்ணப்பிக்கலாம். அதற்கு மாதங்கள் ஆகும். கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. வீடு கட்ட இயலாத இடத்திற்கு வீட்டுக்கடன் வழங்க எங்கள் விதிகளில் வழியில்லை.

கடிகாரம் காத்திருப்பதில்லை

வங்கிகள் அடமானச் சொத்துகளைப் பெரும்பாலும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டத்தின் கீழ் விற்கின்றன. அதன் விதிகள் கறாரானவை. ஏலத்தில் வென்றவர், முன்வைப்புத் தொகையையும் சேர்த்து விலையில் 25 விழுக்காட்டை அன்றே, அல்லது அடுத்த வேலைநாளுக்குள் செலுத்த வேண்டும். எஞ்சிய 75 விழுக்காட்டை, விற்பனை உறுதி செய்யப்பட்டதிலிருந்து 15 நாட்களுக்குள் செலுத்த வேண்டும். இருதரப்பும் எழுத்து மூலம் ஒப்பினால் அக்கெடு நீளலாம். எனினும் மூன்று மாதங்களைத் தாண்டலாகாது. தவறினால் செலுத்திய தொகை பறிமுதலாகும். சொத்து மறு ஏலத்திற்குச் செல்லும்.

அண்ணாச்சியின் கணக்கு இதுதான்: 25 விழுக்காடு 5,35,000 ரூபாய். முன்வைப்புத் தொகை போக, மறுநாளைக்குள் 3,55,000 ரூபாய் கட்ட வேண்டும். அதன்பின் 16,05,000 ரூபாய். கடன் இல்லையேல் அதற்கு வழியில்லை. மறுநாள் பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார் அவருடைய மைத்துனர். அவ்வாறு செய்து மீதி கிடைக்காவிட்டால், 1,80,000 ரூபாய்க்குப் பதிலாக 5,35,000 ரூபாயை இழக்க நேரும் என்பதை நான் எழுதிக் காட்டினேன்.

இது வெறும் அச்சுறுத்தலன்று. சென்ட்ரல் பேங்க் ஆஃப் இந்தியா நடத்திய இணையவழி ஏலம் ஒன்றில் 12.27 கோடி ரூபாய்க்குச் சொத்து எடுத்த ஒருவர், 25 விழுக்காடாகிய சுமார் 3.06 கோடியைச் செலுத்தினார். எதிர்பார்த்த வங்கிக் கடன் உரிய காலத்தில் கிடைக்கவில்லை. கட்டிய பணத்தைத் திரும்பக் கோரிய வழக்கு, சென்னை உயர் நீதிமன்றம் வழியாக உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. முழு 25 விழுக்காட்டையும் வங்கி பறிமுதல் செய்தது செல்லும் என்று 2024 பிப்ரவரி 2 அன்று தீர்ப்பு வந்தது. கடன் கிடைக்கவில்லை என்பது விதியைத் தளர்த்தப் போதுமான காரணமாக ஏற்கப்படவில்லை. இத்தகைய பறிமுதலுக்கு இடமில்லையெனில் ஏல முறையே பொருளற்றதாகிவிடும் என்பது நீதிமன்றத்தின் பார்வை.

அண்ணாச்சி மேற்கொண்டு பணம் கட்டவில்லை. 1,80,000 ரூபாயை இழந்தார். அது அவருடைய மகளின் கல்லூரிச் சேர்க்கைக்கென வைத்திருந்த வைப்புத் தொகையை முன்கூட்டியே முடித்து எடுத்த பணம் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

‘உள்ளது உள்ளபடி’

இவ்வகை ஏல அறிவிப்புகளில் ‘உள்ளது உள்ளபடி, உள்ள இடத்தில் உள்ளபடி’ என்ற தொடரைக் காணலாம். பலர் அதனைச் சடங்கான சொற்களாகக் கருதிக் கடந்துவிடுகின்றனர். சொத்தின் குறைகளை ஆராய்ந்து அறியும் பொறுப்பு வாங்குபவருடையது என்பதே அதன் பொருள். நிலுவையிலுள்ள சொத்து வரி, அடுக்ககச் சங்கத்தின் பராமரிப்புக் கட்டணம், மின்கட்டணம் ஆகியவை வாங்குபவர் தலையில் விழலாம்.

மற்றொரு சொல் ‘உடைமை’. வங்கி காகித அளவில் மட்டும் உடைமை எடுத்திருந்தால் அது குறியீட்டு உடைமை. வீட்டில் பழைய உரிமையாளரோ வாடகைதாரரோ குடியிருக்கக்கூடும். கடன் வசூல் தீர்ப்பாயத்தில் வழக்கும் நிலுவையில் இருக்கலாம். முழு விலையும் கட்டிய பின்னரும் சாவி கைக்கு வராமல் அலைபவர்கள் உண்டு.

இழப்பவர் பக்கம்

ஏலத்தில் மற்றொரு குடும்பமும் இருக்கிறது. அவசரத்தில் விற்கப்படும் சொத்துக்குச் சந்தை விலை கிடைப்பது அரிது. விற்ற தொகை கடனை அடைக்கப் போதாவிடில் மீதிக் கடன் தொடரும். மிகுந்தால் அது கடன் பெற்றவருக்கே உரியது. முழு நிலுவையையும் கட்டிச் சொத்தை மீட்கும் உரிமை, ஏல அறிவிப்பு வெளியாகும் வரை மட்டுமே என்று 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆகவே, 60 நாள் கெடு தரும் முதல் அறிவிப்பு வந்தவுடனேயே கிளையை அணுகுங்கள். ஒருமுறைத் தீர்வு, வங்கியின் இசைவுடன் நீங்களே விற்றுக் கடனடைத்தல் ஆகிய வழிகள் அப்போதுதான் திறந்திருக்கும்.

முன்பணம் அனுப்புமுன்

1. ஏல அறிவிப்பை முழுமையாகப் படியுங்கள். உடைமை எவ்வகையானது, வழக்கு உண்டா என்பதை அதிகாரம் பெற்ற அலுவலரிடம் கேளுங்கள்.

2. வில்லங்கச் சான்று பெறுங்கள். கேரளத்தில் இதற்குக் ‘குடிக்கடச் சான்று’ என்று பெயர். கிராம அலுவலகத்தில் இடத்தின் வகையையும், பஞ்சாயத்து அல்லது மாநகராட்சியில் வரி நிலுவையையும் அறியுங்கள். கடற்கரை, காயல் ஓரமாயின் கடலோர ஒழுங்குமுறை மண்டலக் கட்டுப்பாட்டையும் விசாரியுங்கள்.

3. அறிவிக்கப்பட்ட பார்வை நாளில் இடத்தைப் பாருங்கள். அக்கம்பக்கத்தாரிடம் பேசுங்கள்.

4. கடன் தேவையெனில், ஏலத்திற்கு முன்பே ஆவண நகல்களுடன் உங்கள் வங்கியில் கொள்கையளவு ஒப்புதல் பெறுங்கள். முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் ஆகியவற்றையும் கணக்கில் சேருங்கள்.

5. உங்கள் உச்ச விலையைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு கேட்கத் தொடங்குங்கள். நேரம் நீளும்போது விலையை நீட்டாதீர்கள்.

6. போலித் தளங்கள் உலவுகின்றன. பொதுத்துறை வங்கிகளின் ஏலச் சொத்துகளுக்கென மேம்படுத்திய வடிவில் 2025 ஜனவரியில் தொடங்கப்பட்ட ‘பாங்க்நெட்’ தளத்திலோ, விற்கும் வங்கியின் கிளையிலோ அறிவிப்பைச் சரிபாருங்கள். தனிநபர் கணக்குக்கு முன்பணம் அனுப்பாதீர்கள்.

7. பழைய பொருட்களை இணையத்தில் விற்போருக்கும் ஒரு சொல்: பணம் பெறுவதற்கு யுபிஐ பின் எண் தேவையில்லை, கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யவும் தேவையில்லை. ஏமாற்றப்பட்டால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

அண்ணாச்சி இன்றும் எங்கள் வாடிக்கையாளர். சென்ற மாதம் வேறொரு இடத்தின் ஆவணங்களுடன் வந்தார். இன்னும் ஒரு ரூபாயும் அவர் கட்டவில்லை. முதல் தாளிலேயே விரலை வைத்து, “புரையிடம்னு போட்டிருக்கு சார்” என்றார். அடுத்த வாரம் இருவரும் சேர்ந்து இடத்தைப் பார்க்கச் செல்லவிருக்கிறோம்.

நெஃப்ட் படிவத்தில் ‘ஏல முன்பணம்’ என்று எழுதி வருபவர்களை இப்போது நான் உட்கார வைத்துவிடுகிறேன். அறிவிப்பைக் காட்டுங்கள் என்று கேட்கிறேன். வரிசை நீண்டிருந்தால், பத்து நிமிடம் பொறுத்திருக்கும்படி வேண்டிக்கொள்கிறேன்.