காலடியில் ஒரு வழிகாட்டி: அதிர்வுக் காலணிகள்

முன்னுரை

பார்வையற்ற ஒருவர் தெருவில் நடக்கும்போது செவியே அவருக்குக் கண்ணாகிறது. வாகனங்களின் இரைச்சல், எதிரே வருவோரின் காலடியோசை ஆகியவற்றைக் கொண்டே அவர் சூழலை அறிகிறார். திறன்பேசி குரல்வழி வழிகாட்டினால் திசை தெரியும். ஆனால் அக்குரல் பிற ஓசைகளை மறைத்துவிடக்கூடும். கையிலோ வெள்ளைக் கைத்தடி இருக்கிறது. எஞ்சியிருப்பது பாதம். பாதத்தின் வழியே திசையுணர்த்தும் காலணித் தொழில்நுட்பத்தை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

பாதத்தின் உணர்திறன்

பாதத்தால் வழியறிதல் புதியதன்று. ஜப்பானியரான செய்இச்சி மியாக்கே உருவாக்கிய புடைப்புக் கற்கள் 1967ஆம் ஆண்டு ஒக்கயாமா நகரில் முதன்முதலாகப் பதிக்கப்பட்டன. கோலாலம்பூர், சிங்கப்பூர் இரயில் நிலையங்களிலும் இத்தகைய கற்களை இன்று காண்கிறோம். அவை பதிக்கப்பட்ட இடத்தில் மட்டுமே வழி சொல்லும்; அதிர்வுக் காலணியோ நடப்பவருடனேயே செல்லும். பாதத் தோலின் ஆழத்தில் உள்ள பாசினியன் நுண்ணுறுப்புகள், நொடிக்கு ஏறத்தாழ 200 முதல் 300 முறை நிகழும் அதிர்வை மிக நுட்பமாக உணர வல்லவை. இவ்வியல்பே இத்தொழில்நுட்பத்திற்கு அடிப்படை எனலாம்.

இரு முயற்சிகள்

கிறிஸ்பியன் லாரன்ஸ், அனிருத் ஷர்மா ஆகிய இருவரும் இந்தியாவில் உருவாக்கிய காலணி ‘லேசல்’ ஆகும். இந்தியில் இதற்கு ‘அழைத்துச் செல்’ என்பது பொருள். 2014ஆம் ஆண்டு அவர்களது ஐதராபாத் நிறுவனம் இதனைச் சந்தைக்கென அறிவித்தது. திறன்பேசியில் சேருமிடத்தைக் குறித்துவிட்டால், இடப்புறம் திரும்ப வேண்டிய இடத்தில் இடக்காலணியும் வலப்புறம் திரும்ப வேண்டிய இடத்தில் வலக்காலணியும் அதிரும். பார்வையற்றோர்க்கென எண்ணப்பட்ட இக்காலணி, சுற்றுலாப் பயணியர், ஓட்டப்பயிற்சி செய்வோர் ஆகியோர்க்கும் உரியதாக முன்வைக்கப்பட்டது.

ஜப்பானில் ஹோண்டா நிறுவனத்தின் புதுத்தொழில் திட்டத்தின் வழி 2021ஆம் ஆண்டு தோன்றியது ‘அஷிராசே’. ஜப்பானிய மொழியில் ‘அஷி’ என்பது கால். ‘ஷிராசே’ என்பது அறிவிப்பு. இது தனிக் காலணியன்று. அணிந்திருக்கும் காலணியுடன் பொருத்தப்படும் கருவி. நேரே செல்ல முன்பாதத்திலும், திரும்ப வேண்டிய இடம் நெருங்கும்போது அந்தந்தப் பக்கத்திலும் அதிர்வு எழும்.

எல்லைகள்

திறந்தவெளியிலும் திறன்பேசியின் இடங்காட்டி ஏறத்தாழ 5 மீட்டர் வரை பிழைபடலாம். உயர்ந்த கட்டடங்களிடையே பிழை மேலும் பெருகும். பார்வையுடையோரின் கண் அப்பிழையைத் திருத்திக்கொள்ளும். பார்வையற்றோர்க்கோ அந்த 5 மீட்டர், நடைபாதைக்கும் வாகனச் சாலைக்கும் உள்ள வேறுபாடாக அமையக்கூடும். மேலும், நேற்றுத் தோண்டப்பட்ட குழியையோ நடைபாதையில் நிறுத்தப்பட்ட வண்டியையோ வரைபடம் அறியாது.

முடிவுரை

எங்கே திரும்புவது என்பதைக் காலணி உணர்த்தும். அடுத்த அடியை எங்கே வைப்பது என்பதைக் கைத்தடியே உணர்த்தும். எனவே, இது கைத்தடிக்கு மாற்றன்று, துணையே. பார்வையற்றோரின் செவியை அவர்களுக்கே விட்டுவைப்பதே இத்தொழில்நுட்பத்தின் தலையாய பயன். எனினும், காலணி எத்துணை அறிவுடையதாயினும், கால் பதிக்கத் தக்க நடைபாதையை அமைத்துத் தரும் கடமை நகரத்தையே சாரும்.