பழைய காரும் ஒசூர்ப் பட்டறைகளும்

உதிரிபாகக் கடையில் 'வாஷர்' என்று கேட்டால், போல்ட்டுக்கு அடியில் போடும் வட்டத் தகட்டைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள். 'அதுவல்ல, கார் முன்கண்ணாடியில் தண்ணீர் பீய்ச்சும் வாஷர்' என்று விளக்கினால், 'எந்த வண்டிக்கு?' என்பது அடுத்த கேள்வி. ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்றோ, பழைய பியட் என்றோ சொன்னால் பெரும்பாலும் பேச்சு அத்துடன் முடிந்துவிடும். நாடெங்கும் ஓடும் வாகனங்களுக்கு உதிரிபாகம் செய்து அனுப்பும் ஒசூரிலும் இதுதான் நிலை.

இது ஒரு சிறிய பாகம்தானே என்று ஒதுக்கிவிட முடியாது. ஒசூர் - கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் கிரானைட் லாரிகளுக்குப் பின்னால் சென்றவர்களுக்குத் தூசியின் தன்மை தெரியும். காய்ந்த கண்ணாடியில் வைப்பரை ஓடவிட்டால், அந்தத் துகள்கள் கண்ணாடியைக் கீறும். இரவில் எதிரே வரும் வாகனத்தின் ஒளி அந்தக் கீறல்களில் சிதறி, ஓட்டுநரின் பார்வையை மறைக்கும். விசையால் இயங்கும் வைப்பர் இருக்க வேண்டும் என்கின்றன 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள். தூசி நிறைந்த சாலையில், தண்ணீர் இல்லாத வைப்பர் நன்மையைவிடத் தீமையே அதிகம் செய்யும்.

பழைய கார்களில் இந்த அமைப்பு மூன்று வகைகளில் இருந்தது. முகப்புப் பலகையில் உள்ள குமிழைக் கையால் அழுத்தினால் நீர் பாயும் பம்ப் ஒரு வகை. என்ஜின் உறிஞ்சுகுழாயின் வெற்றிடத்தைக் கொண்டு இயங்குவது மற்றொரு வகை. பின்னர் வந்தது மின் மோட்டார். மூன்றுக்கும் பொதுவானவை நான்கு: நீர்த்தொட்டி, குழாய், நீர் திரும்பி ஓடாமல் தடுக்கும் வால்வு, தண்ணீர் பீய்ச்சும் நாசில்.

பழுது பார்ப்பவர்கள் முதலில் பம்ப்பைக் குறை சொல்வது வழக்கம். ஆனால், தேடலை நாசிலிலிருந்து தொடங்குவதே சரி. ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீரை ஊற்றி வந்தால், அதன் சுண்ணாம்பு நாசிலின் நுண்துளையை அடைத்துவிடும். வினிகரில் ஊறவைத்து மெல்லிய கம்பியால் குத்தினால் பெரும்பாலும் திறந்துகொள்ளும். அடுத்து குழாய், என்ஜின் வெப்பத்தில் இறுகி, இணைப்புகளில் வெடித்திருக்கும். ஒரு முறை அழுத்தியதும் தண்ணீர் வராமல், பலமுறை அழுத்திய பிறகே வந்தால் வால்வு பழுது. இவையெல்லாம் சரியாக இருந்தால் மட்டுமே பம்ப்பைக் கழற்ற வேண்டும். கைப்பம்ப்பில் தேய்வது பெரும்பாலும் உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வுதான்.

சரி, பாகம் எங்கே கிடைக்கும்? சென்னையின் புதுப்பேட்டை, பெங்களூரின் ஜே.சி. ரோடு ஆகிய இரு சந்தைகளையும்தான் ஒசூர்க்காரர்கள் நாடுகின்றனர். ஹெரால்டு 1961 முதல் சென்னையில் தயாரான கார். அதைத் தயாரித்த ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தின் உற்பத்தி 1980-களின் இறுதியில் நின்றுபோனது. அதன் மூலமான டிரையம்ப் ஹெரால்டுக்குப் பிரிட்டனில் இன்றும் பாகங்கள் விற்கப்படுகின்றன. ஆனால், அஞ்சல் செலவும் சுங்கவரியும் சேர்ந்தால் பாகத்தின் விலையை அவை விஞ்சிவிடக்கூடும்.

இக்காலக் கார்களின் 12 வோல்ட் வாஷர் மோட்டாரைப் பொருத்துவது எளிய மாற்றுவழி. அதற்கு முன்பு இரண்டைப் பார்க்க வேண்டும். வண்டியின் மின்னமைப்பு 6 வோல்ட்டா, 12 வோல்ட்டா என்பது ஒன்று. பழைய பிரிட்டிஷ் கார்கள் சிலவற்றில் பேட்டரியின் நேர்முனையே உடற்கூட்டுடன் இணைக்கப்பட்டிருக்கும் என்பது மற்றொன்று. இதைக் கவனியாமல் இணைத்தால் மோட்டார் எதிர்த்திசையில் சுழலும். தண்ணீர் சரிவர வராது.

இங்கேதான் ஒசூரின் முரண் தெரிகிறது. 1980-இல் டிவிஎஸ் 50 மொபெட்டை நாட்டுக்குத் தந்த ஊர் இது. அசோக் லேலண்டின் லாரிகளும் டைட்டனின் கைக்கடிகாரங்களும் உருவாகும் ஊர். சிப்காட் பகுதியைச் சுற்றிச் சிறு லேத் பட்டறைகளும், ரப்பர், பிளாஸ்டிக் வார்ப்புக் கூடங்களும் நிறைந்திருக்கின்றன. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகாமல் கடையத் தெரிந்த கைகளுக்கு ஒரு பித்தளை நாசிலோ, ரப்பர் சவ்வோ பெரிய காரியமல்ல. தடை திறமையில் இல்லை, எண்ணிக்கையில் இருக்கிறது. ஆயிரக்கணக்கில் ஆர்டர் எடுத்துப் பழகிய பட்டறை, பத்து சவ்வுகளுக்காக ஓர் அச்சு செய்ய முன்வராது. அளவுகள் குறித்த வரைபடமும் எவரிடமும் இருக்காது.

சட்டம் ஓரளவு வழிவிட்டிருக்கிறது. பதிவாகி 50 ஆண்டுகள் கடந்த, சேஸி, உடற்கூடு, என்ஜின் ஆகியவற்றில் பெரும் மாற்றம் செய்யப்படாத வாகனங்களுக்குத் தனிப் பதிவு வழங்க 2021 ஜூலையில் மத்திய அரசு விதி வகுத்தது. 'விஏ' என்ற எழுத்துகள் அந்தப் பதிவெண்ணில் இடம்பெறும். பழுதுநீக்கும் உரிமைக்கான இணையதளத்தை 2022 டிசம்பரில் நுகர்வோர் விவகாரத் துறை தொடங்கியது. மோட்டார் வாகனத் துறையும் அதன் வரம்பில் உள்ளது. ஆனால், மூடப்பட்ட நிறுவனத்திடம் எவர் உரிமை கேட்க முடியும்? அந்த இடைவெளியை உள்ளூர் அறிவே நிரப்பியாக வேண்டும்.

அதற்குப் பெரும் முதலீடு தேவையில்லை. இப்பகுதியின் தொழிற்பயிற்சி நிலையங்களும் பாலிடெக்னிக் கல்லூரிகளும் மாணவர்களின் செய்முறைப் பணியாகப் பழைய பாகங்களை அளந்து, வரைபடமாக்கி, பொதுவில் வைக்கலாம். பழைய கார் வைத்திருப்போர் ஒன்றுகூடித் தேவைகளைத் திரட்டினால், பத்து என்பது இருநூறாகும். அச்சின் செலவு பங்கிடப்படும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபின் விற்பனைவரிச் சோதனைச் சாவடிகளும் அகன்றுவிட்டதால், அத்திப்பள்ளிக்கு அப்பால் உள்ள வாடிக்கையாளர்களையும் சேர்த்துக்கொள்வது எளிது.

இது ஒருசில வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்று எண்ண வேண்டாம். இன்று சாலையில் ஓடும் பெட்ரோல் வாகனங்களும் நாளை உற்பத்தி நிறுத்தப்பட்டவையாகும். தேய்ந்த பாகத்தைப் பார்த்தே அதன் முதல் அளவைச் சொல்லிவிடும் மூத்த மெக்கானிக்குகள் ஒவ்வொருவராக ஓய்வு பெறுகின்றனர். அவர்கள் விரல்நுனியில் இருப்பது எந்தப் பாடநூலிலும் இல்லை. அதை எழுதி வைத்துக்கொள்ள இன்னும் சில ஆண்டுகளே எஞ்சியிருக்கின்றன.