மாடி வீட்டுக்கு நாயோடு ஒரு டீச்சர்

சாயா ஆறும் முன்னே குடியுங்கள், அண்ணாச்சி. வடசேரி வீட்டு மாடியைக் கேட்டு வந்த டீச்சரிடம் ஒரு நாய் இருக்கிறது. நாய்க்கு இடமில்லை என்று சொல்லலாமா? சொன்னால் கேஸ் வருமா? வீட்டைக் கொடுத்தபின் தொல்லை என்றால் என்ன வழி? இவ்வளவுதானே உங்கள் கவலை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நாயைத் தடுக்கவே முடியாது, கோர்ட்டு சொல்லியாச்சு என்று திருவனந்தபுரத்து மருமகன் போனில் சொன்னாராமே. அதில் பாதி சரி. 2021-இல் கேரள உயர் நீதிமன்றம் அப்படி ஒரு தீர்ப்பு சொன்னது. குடியிருப்போர் சங்கங்கள் வளர்ப்புப் பிராணிக்கு அனுமதி இல்லை என்று விதி போடுவதும் போர்டு மாட்டுவதும் செல்லாது. நியாயமான நிபந்தனை வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில், அது கட்டளை ஆகாது. நம் வக்கீல்கள் எடுத்துக்காட்டலாம், நீதிபதி மதிக்கலாம், அவ்வளவே.

அதற்கு முன்பே, 2015 பிப்ரவரி 26-இல், இந்திய விலங்கு நல வாரியம் ஒரு சுற்றறிக்கை விட்டிருந்தது. பெரும்பான்மை ஓட்டு வாங்கினாலும் சங்கம் நாயைத் தடை செய்ய முடியாது, குரைப்பதைக் காரணம் காட்ட முடியாது, லிஃப்டில் ஏற்றத் தனிக் காசு கேட்க முடியாது என்றது. இந்த வாரியம் பிறந்தது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில். அந்தச் சட்டத்துக்காக மாநிலங்களவையில் வாதாடியவரும் வாரியத்தின் முதல் தலைவரும் கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவிதான்.

இப்போது கவனியுங்கள். தீர்ப்பும் சரி, சுற்றறிக்கையும் சரி, பேசுவது சங்கங்களிடம். அடுக்ககத்தில் குடியிருப்பவனை, நீ நாய் வளர்க்காதே என்று அக்கம்பக்கத்தார் அதட்டக் கூடாது என்பதே அதன் பொருள். நீங்கள் சங்கம் இல்லை, வீட்டுக்காரர். உங்களுக்கும் டீச்சருக்கும் நடுவில் இருப்பது அக்ரிமெண்ட். தமிழ்நாட்டில் வாடகைக்கென்று 2017-இல் இயற்றி, 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் உள்ள சட்டம் நாய் பூனை பற்றி வாயே திறக்கவில்லை. ஆகவே வேண்டாம் என்று முதலிலேயே சொல்லி, வேறு ஆள் பார்க்கலாம். சம்மதம் என்றால், எந்த நிபந்தனையில் என்பதை எழுதிக்கொள்ளலாம்.

எழுதுவதுதான் முக்கியம். பதினொரு மாதத்துக்கு ஒரு பத்திரத்தாளில் கையெழுத்து வாங்கி பீரோவில் வைக்கிற பழைய வழக்கம் இப்போது போதாது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். துணை ஆட்சியர் பதவிக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் பதியவும் வேண்டும். அட்வான்ஸ், வேறு விதமாக ஒப்புக்கொண்டால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது.

‘வளர்ப்புப் பிராணிகள் பற்றி வீட்டுக்காரர் முடிவே இறுதியானது’ என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். நாளைக்குச் சண்டைக்கு அதுவே போதும். ஒரு நாய்தான், குட்டி போட்டால் இத்தனை மாதத்துக்குள் வேறு இடம் பார்க்க வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி வருஷா வருஷம் போட்டு அட்டையைக் காட்ட வேண்டும். கிணற்றடியில் குளிப்பாட்டக் கூடாது. மொட்டை மாடியில் அவிழ்த்துவிட்டால் அசிங்கத்தை அன்றன்றே அள்ள வேண்டும். கதவைப் பிறாண்டினால் ஆசாரி கூலி அட்வான்சில் கழியும். இப்படி ஒவ்வொன்றாக எழுதுங்கள். சட்டத்தின் அட்டவணைப்படி, வேறு மாதிரி எழுதாதவரை, சாக்கடை அடைப்பு எடுப்பது குடியிருப்பவர் பொறுப்பு, சுவருக்கு வெள்ளையடிப்பது உங்கள் பொறுப்பு. நாய் முடி குழாயை அடைத்தால் அது அவர் பாடு. ஆடிச் சாரலில் நனைந்துவந்த நாய் சுவரில் சாய்ந்து கறையாக்கினால் யார் பாடு? அதையும் இப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

சரி, குடிவந்தபின் தகராறு என்றால்? தண்ணீரை நிறுத்துவது, ஃபியூஸைப் பிடுங்குவது எல்லாம் கூடாது. அத்தியாவசியச் சேவையைத் துண்டிப்பதை அதே சட்டம் தடுக்கிறது. கட்டடத்துக்குச் சேதமோ ஊருக்குத் தொல்லையோ இருந்தால் நோட்டீஸ் கொடுங்கள். கேட்காவிட்டால் வாடகை நீதிமன்றம் இருக்கிறது. காலி செய்யச் சொல்வதற்கு அந்தச் சேதமும் தொல்லையும் ஒரு காரணம். ‘நாயை எங்காவது கொண்டு விட்டுவிட்டு வா’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வளர்த்த பிராணியைப் பட்டினியில் தவிக்கும்படி கைவிடுவது 1960 சட்டப்படி குற்றம். முதல் முறை அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது வரைதான், இந்தச் சாயாவுக்கும் வடைக்கும் ஆகிற காசு. ஆனாலும் குற்றம் குற்றம்தான். சங்குத்துறைக் கடற்கரையில் சுற்றும் நாய்க்கூட்டத்தில் இன்னொன்றைச் சேர்த்த பாவம் வேறு.

ஒரே ஓர் இடத்தில் என் பேச்சு மாறும். வருபவர் பார்வையற்றவர், நாய் அவருக்கு வழிகாட்டப் பழக்கியது என்றால், அது செல்லப்பிராணி இல்லை. அவர் கையிலிருக்கும் வெள்ளைக் கம்பு மாதிரி. அமெரிக்காவில் 1968-இல் வந்த வீட்டுவசதிச் சட்டத்தில் 1988-இல் மாற்றுத்திறனாளிகளையும் சேர்த்தார்கள். அங்கே உதவி விலங்குக்குச் செல்லப்பிராணி விதி பொருந்தாது, அதற்கென்று தனி டெபாசிட்டும் வாங்க முடியாது. நம்முடைய 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உதவி நாய் என்று பெயர் சொல்லவில்லை. ஆனால் குறைபாட்டைக் காரணமாக்கிப் பாகுபாடு காட்டக் கூடாது என்றும், பெரிய சுமை இல்லாத மாற்றங்களைச் செய்துகொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அப்படி ஒருவர் வந்தால் சட்டம் எதுவரை இழுக்கும் என்று கணக்குப் பார்க்காமல் வீட்டைக் கொடுங்கள்.

டீச்சர் விஷயத்துக்கு, ஞாயிற்றுக்கிழமை நாயையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள். மாடிப்படி ஏறுகிறதா, உங்கள் வீட்டுப் பேரப்பிள்ளையைப் பார்த்துக் குரைக்கிறதா என்று பாருங்கள். பிடித்திருந்தால் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகு சாவி. பிடிக்காவிட்டால் அப்போதே முகத்துக்கு நேரே சொல்லிவிடுங்கள். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும் முன் அவருக்கும் வேறு வீடு தேட அவகாசம் வேண்டாமா?