கருவில் வளரும் ஆண் குழந்தையும் பூச்சிமருந்தும்



ஆண் குழந்தைக்கு விதை இறங்கவில்லை, சிறுநீர்த் துவாரம் நுனியில் இல்லாமல் கீழ்ப்பக்கம் இருக்கிறது என்றால் ஊரில் முதலில் தாயைத்தான் கேட்பார்கள். "கிரகணத்துல வெளிய வந்தியா?" என்பார்கள். அவளும் வெட்கப்பட்டு யாரிடமும் காட்டாமல் விட்டுவிடுவாள். கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. காரணங்கள் பல உண்டு. அதில் இரசாயனமும் ஒன்றாக இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள்.

கரு உண்டாகும்போதே ஆணா பெண்ணா என்பது முடிவாகிவிடும். (அதை முடிவு செய்வது தகப்பனுடைய விந்தணு. மாமியார்களுக்கும் சொல்லுங்கள்!) ஆனாலும் முதல் ஒன்றரை மாதம் இரண்டுக்கும் உறுப்பு ஒரே மாதிரிதான். பிறகு ஆண் கருவில் விதை உருவாகி, ஆண் ஹார்மோன் சுரக்கும். இரண்டாம், மூன்றாம் மாதத்தில் அது போதுமான அளவு இருந்தால்தான் ஆண்குறி சரியாக அமையும். விதை பைக்குள் இறங்குவதற்கும் அது வேண்டும். பூட்டுக்குள் வேறு சாவி மாட்டிக்கொண்டால் சரியான சாவி நுழையாது இல்லையா? சில இரசாயனங்கள் அப்படித்தான் ஹார்மோனை மறிக்கின்றன. விலங்குச் சோதனைகளில் இது தெளிவாகத் தெரிந்திருக்கிறது.

நமக்கோ நாள் தள்ளிப்போனதே அப்போதுதான் உறைக்கும். அதுவரை பருத்திக் காட்டில் மருந்து கலக்கிக் கொடுத்துக்கொண்டிருப்போம்.

கேரளத்தில் காசர்கோடு மாவட்ட முந்திரித் தோட்டங்களில் 20 ஆண்டுகளுக்கு மேல் ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள். அங்குள்ள ஒரு கிராமத்தில் 10 முதல் 19 வயதுப் பையன்களைப் பரிசோதித்த ஆய்வு 2003-ல் வெளியானது. மருந்து தெளிக்காத ஊர்ப் பையன்களைவிட இவர்கள் பருவமடைவது தாமதமாகியிருந்தது. விதை இறங்காமை, பிறவிக் குடலிறக்கம் போன்ற குறைகள் இங்கே 100-க்கு 5 பேருக்கு, அங்கே 100-க்கு ஒருவருக்கு. பார்த்த பிள்ளைகள் குறைவு என்பதால் இந்தக் கணக்கை மட்டும் உறுதியான சான்றாகச் சொல்ல முடியாது. 2011-ல் உச்ச நீதிமன்றம் எண்டோசல்பானைத் தடை செய்தது. வேறு மருந்துகள் கடையில் இருக்கத்தான் செய்கின்றன.

ஆகவே கர்ப்பிணிகளும் குழந்தைக்குக் காத்திருப்பவர்களும் மருந்து கலக்கவோ, அடித்த கையோடு களையெடுக்கவோ போக வேண்டாம். "கூலி போயிடுமே மேடம்" என்பீர்கள். நியாயம்தான். குழுவில் பேசி, அந்த நாளில் வேறு வேலைக்கு மாற்றிவிடப் பாருங்கள். மருந்து அடித்த துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். காலி டப்பாவில் தண்ணீர் பிடிக்கவே கூடாது.

குழந்தையைக் குளிப்பாட்டும்போது இரண்டு விதையும் பையில் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். 6 மாதமாகியும் இறங்கவில்லை என்றால் கிராம செவிலியரிடம் சொல்லி அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஒன்றரை வயதுக்குள் ஆபரேஷன் செய்துவிடுவது நல்லது. தள்ளிப்போட்டால் பின்னாளில் குழந்தைப்பேறு பாதிக்கப்படலாம். துவாரம் இடம் மாறியிருந்தால் டாக்டர் பார்க்கும்வரை சுன்னத் செய்யாதீர்கள். ஆபரேஷனுக்கு அந்தத் தோல் தேவைப்படும்.