‘வாசல்ல வச்சுட்டுப் போறேன் சார்...’ பூட்டிய வீட்டு முன்னால் கிடக்கும் பார்சலுக்கு யார் பொறுப்பு?

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் கோவை பஸ் ஏறி, ஜன்னலோர சீட்டும் பிடித்துவிட்டீர்கள். நான்கு நாள் லீவு. வண்டி நகரும் நேரத்தில் தெரியாத நம்பரில் இருந்து ஒரு போன். “சார், பார்சல் வந்திருக்கு. வீடு பூட்டியிருக்கே?” இரைச்சலில் கேட்க வேண்டுமே என்று நீங்களும் சத்தமாகவே பதில் சொல்கிறீர்கள்: “வீட்ல யாரும் இல்ல ப்ரோ, ஊருக்குப் போறோம். திங்கட்கிழமைதான் வருவோம்.” “அப்ப ஓடிபி மட்டும் சொல்லிருங்க, வாசல்லயே வச்சுட்டுப் போயிடுறேன்.” எண்ணைச் சொல்லிவிட்டு போனை வைக்கிறீர்கள்.

அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. அதற்குள் இரண்டு காரியம் நடந்துவிட்டது. உங்கள் வீடு திங்கட்கிழமை வரை காலி என்பது முன்பின் தெரியாத ஒருவருக்கும், பக்கத்து சீட்டுக்காரர்களுக்கும் தெரிந்துவிட்டது. இரண்டாவது, கண்ணால் பார்க்காத பொருளை ‘பெற்றுக்கொண்டேன்’ என்று நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டீர்கள்.

ஓடிபி என்பது கையெழுத்துதான்

முன்பெல்லாம் கூரியர் கொண்டு வருபவர் ஒரு தாளை நீட்டுவார். பெயர், கையெழுத்து, போன் நம்பர் எழுதினால்தான் கவர் கைக்கு வரும். அந்தத் தாளின் வேலையைத்தான் இப்போது ஓடிபி செய்கிறது. விலை உயர்ந்த பொருளுக்கு நிறுவனங்கள் ஓடிபி கேட்பதே, ‘வாங்கியவர் கையில்தான் கொடுத்தோம்’ என்று பின்னால் காட்டுவதற்காக. அதைப் போனிலேயே சொல்லிவிட்டால் கணினியில் ‘டெலிவரி ஆகிவிட்டது, வாடிக்கையாளர் உறுதி செய்தார்’ என்று பதிவாகிவிடும். பார்சல் காணோம் என்று நாளைக்குப் புகார் செய்தால் முதல் பதிலே அந்தப் பதிவாகத்தான் இருக்கும். அதன் பிறகும் வழக்காடலாம், வெல்லவும் செய்யலாம். ஆனால் உங்கள் கைக்குப் பொருள் வரவில்லை என்று காட்டும் பாரம் உங்கள் தலையில் ஏறிவிடுகிறது.

விலை குறைந்த பொருளுக்கு ஓடிபி இருப்பதில்லை. கதவுக்கு முன்னால் பெட்டியை வைத்து ஒரு போட்டோ, அவ்வளவுதான். இது உங்களுக்குச் சாதகமான விஷயம். பெட்டி அங்கே வைக்கப்பட்டது என்பதைத்தான் அந்தப் படம் காட்டுகிறது, உங்களிடம் வந்து சேர்ந்ததை அல்ல.

எனவே விதி ஒன்றே ஒன்று: பொருள் உங்கள் கையிலோ, நீங்கள் சொன்ன ஆளின் கையிலோ இருக்கும்போது மட்டும் ஓடிபி. பக்கத்து வீட்டு அக்கா வாங்கி வைப்பதாக இருந்தால், பார்சல் அவர் கையில் ஏறியதும் அவரையே உங்களுக்குப் போன் பண்ணச் சொல்லிவிட்டு எண்ணைக் கொடுங்கள்.

கோலத்தைப் பார்த்த கண், பார்சலையும் பார்க்கும்

பூட்டிய வீட்டைக் கண்டுபிடிக்கத் திருடர்களுக்குப் பழைய அடையாளங்கள் உண்டு. இரண்டு நாளாகக் கோலம் போடாத வாசல், கேட்டில் செருகிய பேப்பர், எடுக்காத பால் பாக்கெட், பகலிலும் எரியும் வராண்டா லைட். பண்டிகைக்கு முன்னால் போலீஸார் தரும் எச்சரிக்கைகளில் இவையெல்லாம் வழக்கமாக இருக்கும். வாசலில் கிடக்கும் அட்டைப்பெட்டி இந்தப் பட்டியலுக்குப் புது வரவு.

பால் பாக்கெட்டைவிட இது மோசம். பால் பாக்கெட்டில் உங்கள் பெயர் இருக்காது. பார்சல் லேபிளில் பெயர், முழு முகவரி, சில சமயம் செல்போன் நம்பர், பொருளின் விலை வரை அச்சாகியிருக்கும். தெருவில் போகிற ஒருவர் அதைப் போட்டோ எடுக்க இரண்டு நொடி போதும். பிறகு “உங்க பார்சல் திரும்பிப் போயிடுச்சு, அஞ்சு ரூபா கட்டுங்க” என்று லிங்க் அனுப்பும் மோசடிக்கும் அந்த விவரம் உதவும். தபால் துறை பெயரிலேயே ‘முகவரியைப் புதுப்பியுங்கள்’ என்று வந்த போலி எஸ்எம்எஸ்களைப் பற்றி 2024-இல் மத்திய அரசின் பிஐபி உண்மை சரிபார்ப்புப் பிரிவு எச்சரித்தது நினைவிருக்கலாம்.

மீட்டர் பாக்ஸ் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். “மீட்டர் பாக்ஸ் மேல வச்சிருங்க”, “செருப்பு ஸ்டாண்டுக்குள்ள போட்டுருங்க” என்பதுதான் நம் ஊரில் டெலிவரி ஆட்களுக்கு அதிகம் சொல்லப்படும் வழி. வேலைக்கார அம்மாவுக்காக வீட்டுச் சாவியை நாம் வைத்துவிட்டுப் போகும் இடமும் பெரும்பாலும் அதேதான்! பார்சலைத் தேடி ஒரு கை அங்கே போனால் சாவியும் தட்டுப்படும்.

ஆரப்பாளையம் போன்ற பகுதிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கோவை, ஈரோடு, சேலம், தேனி, கம்பம் பஸ்கள் புறப்படும் இடம். பையும் கையுமாக வெளியூர் ஆட்கள் நாள் முழுக்க நடமாடுவார்கள். புது முகம் ஒன்று தெருவுக்குள் வந்தால் ‘யாருப்பா நீ’ என்று யாரும் கேட்பதில்லை. பழைய காம்பவுண்டு வீடுகளில் ஆறேழு குடித்தனம் இருக்கும். ஒரு வீடு பூட்டினாலும் அடுத்த வீட்டுத் திண்ணையில் ஒரு பாட்டி இருப்பார். பார்சலையும் வாங்கி வைப்பார், வந்தவனை நாலு கேள்வியும் கேட்பார். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிற அடுக்குமாடி வீட்டில் அந்தப் பாட்டிக்கு இணையாக எதுவும் இல்லை. சிசிடிவி கேமரா கேள்வி கேட்காது.

டெலிவரி தம்பியைத் திட்டினால் தீருமா?

வாசலில் போட்டுவிட்டுப் போகிறவரைப் பொறுப்பில்லாதவர் என்று சொல்வது சுலபம். ஆனால் அவர் கணக்கைப் பாருங்கள். பல இடங்களில் சம்பளம் பார்சல் கணக்குக்குத்தான். கொடுக்க முடியாமல் திரும்பக் கொண்டுபோனால் அந்த நடைக்குக் காசு கிடைக்காது, மறுநாள் அதே மாடிப்படியை மறுபடி ஏற வேண்டும். ‘வெற்றிகரமான டெலிவரி’ எண்ணிக்கை குறைந்தால் வேலைக்கே ஆபத்து. வச்சுட்டுப் போனால்தான் பிழைப்பு என்ற நிலையில் அவரை நிறுத்தியது நிறுவனத்தின் கணக்கு முறை.

ஆரப்பாளையத்துக்காரர்களுக்கு இதற்குப் பொருத்தமான கதை தெரியும். வந்திக் கிழவிக்காகப் புட்டைக் கூலியாக வாங்கிக்கொண்டு, வைகைக் கரையை அடைக்காமல் படுத்துத் தூங்கிய கூலியாள் மேல் பாண்டியன் பிரம்படி விழுந்தது. வலித்தது ஊருக்கே, அடிக்கச் சொன்ன ராஜாவுக்கும்தான். ஆவணியில் புட்டுத்தோப்பில் இன்றும் அந்தத் திருவிழா நடக்கிறது. புகார் எழுதும்போது டெலிவரி ஆளின் பெயரைக் குறிவைத்து எழுதாமல், நிறுவனத்திடம் பதில் கேளுங்கள். சட்டப்படியும் பதில் சொல்ல வேண்டியது அவர்கள்தான். இணைய வழி தொழிலாளர்களுக்குத் தமிழ்நாடு அரசு 2023-இல் தனி நல வாரியம் அமைத்ததே, இந்த வேலை எவ்வளவு பிடிமானம் இல்லாதது என்பதைச் சொல்லும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கே ஒரு பழைய முரண்பாடு இருக்கிறது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 39-இல், விற்பவர் பொருளை அனுப்புவதற்காகப் போக்குவரத்து நிறுவனத்திடம் ஒப்படைத்தாலே அது முதல் பார்வையில் வாங்குபவரிடம் ஒப்படைத்ததாகக் கருதப்படும் என்கிறது. ரயில்வே கூட்ஸில் மூட்டை அனுப்பிய காலத்து வியாபாரிகளுக்காக எழுதப்பட்டது. அதை அப்படியே ஆன்லைன் ஆர்டருக்குப் பொருத்தினால் நம் கதி அதோகதி.

பிரிட்டனில் இதை ஒரே பிரிவில் தீர்த்துவிட்டார்கள். 2015-இல் வந்த அவர்களது நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, பொருள் வாங்கியவரின் கையிலோ, அவர் குறிப்பிட்ட ஆளின் கையிலோ சேரும்வரை இழப்பு விற்பனையாளருடையது. நம்மிடம் அவ்வளவு வெளிப்படையான வரி கிடையாது. ஆனால் கைகட்டி நிற்கும் நிலையிலும் நாம் இல்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், காசு வாங்கிக்கொண்டு பொருளைச் சரியாகச் சேர்க்காதது ‘சேவைக் குறைபாடு’ என்று வாதிடலாம். 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகள்படி ஒவ்வொரு இணைய வணிக நிறுவனமும் குறைதீர் அதிகாரியை நியமித்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் வெளியிட வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

தபால் துறை மட்டும் தனி ரகம். 1898-ஆம் ஆண்டின் அஞ்சலகச் சட்டம் தொலைந்தாலும் தவறான இடத்தில் கொடுத்தாலும் துறைக்குப் பெரும்பாலும் பொறுப்பில்லை என்றது. 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் விதிகளில் சொன்ன அளவுக்கு மேல் பொறுப்பேற்காது. ஆனால் கையில் கொடுக்கும் ஒழுங்கு அவர்களிடம்தான் இருந்தது. உரியவர் கையில் மட்டும் தரும் பதிவுத் தபால் 2025 செப்டம்பர் 1 முதல் ஸ்பீடு போஸ்டுடன் இணைக்கப்பட்டது. அந்த வசதி போய்விடவில்லை. ஸ்பீடு போஸ்டிலேயே கூடுதலாக 5 ரூபாயும் ஜிஎஸ்டியும் கட்டினால் ‘பதிவு’ சேவை, அதே கட்டணத்தில் ஓடிபி டெலிவரி. சான்றிதழ், பாஸ்புக் மாதிரியானவற்றை ஊரில் இருந்து அனுப்பச் சொல்லும்போது அந்த 5 ரூபாய்க்குக் கணக்குப் பார்க்காதீர்கள்.

காணோம் என்றால் முதல் நாளே...

தள்ளிப்போட வேண்டாம். ‘டெலிவரி ஆகிவிட்டது’ என்று வந்த செய்தி, அவர்கள் எடுத்த போட்டோ, வந்த போன் அழைப்பின் நேரம், மூன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிறகு ஆப்பிலேயே எழுத்தில் புகார். போனில் மட்டும் பேசினால் பதிவு இருக்காது. யாரிடம் கொடுத்தார்கள், எந்த நேரம், எந்த இடத்தில் என்று டெலிவரிச் சான்று கேளுங்கள். எதிர் வீட்டு சிசிடிவி பதிவு சில நாளில் தானாக அழிந்துவிடும், அதனால் அதையும் அன்றைக்கே வாங்கிவிடுங்கள்.

திருட்டு என்று தெரிந்தால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து சிஎஸ்ஆர் ரசீது வாங்குங்கள். ஆரப்பாளையத்துக்கு கரிமேடு நிலையம். “ஆயிரம் ரூபா பொருளுக்கு யாருங்க ஸ்டேஷன் போறது” என்று தோன்றும். நிறுவனத்திடம் பேசும்போது அந்த ரசீதுக்குத் தனி மரியாதை.

நிறுவனம் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். அதிலும் சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நிறுவனம் பெங்களூரிலோ குருகிராமிலோ இருக்கட்டும், நீங்கள் குடியிருக்கும் மதுரையிலேயே வழக்குப் போடலாம். ‘இ-ஜாக்ரிதி’ தளத்தில் வீட்டில் இருந்தே பதிவு செய்யலாம், வக்கீல் கட்டாயம் இல்லை. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

ஊருக்குக் கிளம்பும் முன்

பழனி நடைப்பயணமோ, சபரிமலையோ, பொங்கலுக்குச் சொந்த ஊரோ, பையைக் கட்டும் முன் ஆப்பில் ‘வரவிருக்கும் ஆர்டர்கள்’ பக்கத்தை ஒருமுறை திறங்கள். நீங்கள் இல்லாத நாளில் வருவதைத் தள்ளிவையுங்கள், இல்லையென்றால் ஆபீஸ் முகவரிக்கு மாற்றுங்கள். முகவரிக்குக் கீழே ‘பூட்டியிருந்தால் வாசலில் வைக்கவும்’ என்று எப்போதோ எழுதி வைத்திருந்தால் இப்போதே அழியுங்கள். ‘வச்சது நீங்க சொன்ன இடத்துலதானே’ என்று நிறுவனம் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். அதற்குப் பதில், சம்மதம் கேட்டுக்கொண்டு ஒரு பக்கத்து வீட்டாரின் பெயரை எழுதலாம். அவர்களிடம் ‘காசு கேட்டால் எதையும் வாங்காதீங்க’ என்றும் சொல்லிவையுங்கள். ஆர்டரே செய்யாத பொருளை கேஷ் ஆன் டெலிவரியில் தள்ளிவிட்டுப் போவதும் நடக்கிறது.

டெலிவரி போன் வந்தால் என்ன சொல்வது? “நான் வெளியில இருக்கேன், நாளைக்குக் கொண்டு வாங்க” போதும். எங்கே, எத்தனை நாள் என்பதெல்லாம் அவருக்குத் தேவையில்லை. ஸ்டேட்டஸில் டிக்கெட் போட்டோ போடுவதும் இதே வகைதான்.

பூட்டிய வீடு பற்றிக் காவல்துறைக்கு முன்கூட்டியே சொல்வதை ஆந்திராவும் கேரளாவும் ஆப்பாகவே ஆக்கிவிட்டன. ஆந்திராவில் ஆள் இல்லாத வீட்டுக்குள் போலீஸாரே கேமரா வைத்துக் கண்காணிக்கும் திட்டம் உண்டு. கேரள காவல்துறையின் ‘போல்-ஆப்’ வழியாகச் சொன்னால் 14 நாள் வரை வீட்டின் மீது ஒரு கண் வைக்கிறார்கள். தமிழ்நாட்டில் தீபாவளி, பொங்கலுக்கு முன் ‘வெளியூர் போகிறவர்கள் நிலையத்தில் தகவல் சொல்லுங்கள்’ என்று போலீஸார் அறிவிப்பது வழக்கம். நாம்தான் போவதில்லை. முகவரி, போகும் தேதி, திரும்பும் தேதி, உங்கள் நம்பர், சாவி யாரிடம் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். திட்டத்தை மாற்றி ஒரு நாள் முன்னாடியே வந்துவிட்டால் அதையும் போன் செய்து சொல்லிவிடுங்கள். ராத்திரி ரோந்து வருகிறவர், பூட்டியிருக்க வேண்டிய வீட்டில் லைட் எரிவதைப் பார்த்து உங்கள் கதவையே தட்டுவார்.