புக்ககம் அமெரிக்கா, பிறந்தகம் பென்னாகரம்

ஆடி மாதம் 18-ஆம் நாள் ஒகேனக்கலில் கூடும் கூட்டத்தை நேயர்கள் அறிவார்கள். புதிதாக மணமான பெண்கள் காவிரியில் நீராடி, புது மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்ளும் நாள் அது. தர்மபுரி ஜில்லாவில் பெண்ணைப் பெற்ற எந்தத் தாயார்தான் தலை ஆடிக்குப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் அழைக்காமல் இருப்பாள்?

பெண் சேலத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தால் கவலையில்லை. ஆனால் அவள் மாணவர் விஸாவில் அமெரிக்கா சென்று படித்துக்கொண்டிருப்பவள். அங்கேயே ஓர் அமெரிக்கப் பிரஜையை மணந்துகொண்டவள் என்று வைத்துக்கொள்வோம். அங்கே அது கோடை விடுமுறைக் காலம். மாப்பிள்ளைக்கும் வர ஆசைதான். விமானச் சீட்டு வாங்க வேண்டியதுதானே என்று வீட்டார் நினைப்பார்கள். அவள் வருவதில் கஷ்டமில்லை. திரும்பிப் போவதில்தான் இருக்கிறது கஷ்டம்.

"அமெரிக்கப் பிரஜையின் மனைவியை யார் தடுக்க முடியும்?" என்று கேட்கலாம். விவாகமும் பிரஜா உரிமையும் அந்த நாட்டில் எப்போதுமே கைகோத்துச் சென்றதில்லை என்பதற்குச் சரித்திரத்தில் ஓர் உதாரணம் உண்டு.

வங்காளத்துத் தேச பக்தர் தாரகநாத தாஸ் 1906-ல் அமெரிக்கா சென்று, 1914-ல் அந்நாட்டுப் பிரஜையானார். டால்ஸ்டாய் இவருக்கு எழுதிய கடிதத்தையே மகாத்மா காந்தி குஜராத்தியில் மொழிபெயர்த்தார். 1923-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பகத்சிங் திண்ட் என்ற பஞ்சாபியரின் வழக்கில், இந்தியர்கள் பிரஜைகளாகத் தகுதியற்றவர்கள் என்று தீர்ப்பளித்தது. மறு வருஷம் தாஸ் மேரி என்ற அமெரிக்க மாதை மணந்தார். தகுதியற்ற அந்நியரை மணக்கும் பெண் தன் பிரஜா உரிமையை இழப்பாள் என்று 1922-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று கூறிற்று. அந்த அம்மாள் பிறந்த மண்ணிலேயே நாடற்றவரானார். அவ்விதி 1931-ல் நீங்கியது. இந்தியர்களுக்குக் கதவு திறந்தது 1946-ல்தான்.

இன்று அந்த அநீதி இல்லை. ஆயினும், தாலி ஏறிய மாத்திரத்தில் மாணவர் விஸா மனைவி விஸாவாக மாறிவிடுவதில்லை. படிப்பு முடிந்ததும் சொந்த நாடு திரும்புவேன் என்பதே மாணவர் விஸாவின் அஸ்திவாரம். விஸா கேட்பவர் குடியேறவே வருகிறார் என்று 1952-ஆம் வருஷத்துக் குடியேற்றச் சட்டம் முதலில் கொள்கிறது. அப்படியல்ல என்று காட்டுவது கேட்பவரின் பொறுப்பு. விவாகம் விஸாவை ரத்து செய்யாது. ஆனால் கணவர் அங்கே இருக்க, "நான் திரும்பிவிடுவேன்" என்று மனைவி சொல்வதை அதிகாரி எளிதில் நம்புவாரா?

ஆகவே பெண்ணின் நிலைமை மூன்றில் எது என்று பார்க்க வேண்டும். விஸா காலாவதியாகாமல், நிரந்தர வாசத்துக்கு மனு எதுவும் போடாமல் இருந்தால், அவள் படிப்பைத் தொடரத் திரும்பலாம். ஐ-20 தாளில் கல்லூரி அதிகாரியின் பிரயாணக் கையெழுத்து ஓராண்டுக்குள் பெற்றதாக இருக்க வேண்டும். படிப்பு முடித்துத் தொழிற் பயிற்சியில் இருப்பவளானால் ஆறு மாதத்துக்குள். அப்போதும் விமான நிலையத்து அதிகாரி கேள்வி கேட்கலாம். இறுதி முடிவு அவருடையது.

விஸா காலாவதியாகியிருந்தால், அமெரிக்கத் தூதரக அலுவலகத்தில் புதிதாகப் பெற்ற பிறகே திரும்ப முடியும். அங்கே மறுத்துவிட்டால், கணவர் மனுச் செய்து குடியேற்ற விஸா வரும் வரையில் பிறந்தகத்திலேயே காத்திருக்க நேரலாம். படிப்பு நின்றுபோகும்.

மூன்றாவது நிலைமையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அமெரிக்காவில் இருந்தபடியே கிரீன் கார்டுக்கு விண்ணப்பம் போட்ட பெண், 'அட்வான்ஸ் பரோல்' என்னும் முன் அநுமதி கையில் கிடைக்கும் முன்பே புறப்பட்டால், விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே கருதப்படுவாள். அநுமதிக்கு எழுதிப் போட்டுவிட்டோமே என்று கிளம்புவதும் ஆபத்தே.

இன்னொன்று. "கல்யாணமானதைச் சொல்லாதே" என்று யோசனை சொல்லும் பந்துக்கள் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. அவர்கள் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் விஸாவுக்காகச் சொல்லும் பொய் அம்பலமானால், வாழ்நாள் முழுவதும் அந்த நாட்டுக் கதவு அடைபடக்கூடும். கணவரின் மனுவும் அதில் சிக்கிக்கொள்ளும்.

ஆகையால், தாய்மார்களே, "எப்போது வருகிறாய்?" என்று கேட்பதற்கு முன், "எந்தக் காகிதத்தைக் காட்டித் திரும்பிப் போவாய்?" என்று கேளுங்கள். சர்வகலாசாலையின் அந்நிய மாணவர் அலுவலகத்தையும், குடியேற்றச் சட்டம் அறிந்த வக்கீலையும் கலந்துகொண்ட பிறகு சீட்டு வாங்கச் சொல்லுங்கள். இந்த வருஷம் தோதுப்படாவிட்டால், மஞ்சள் கயிற்றைத் தபாலில் அனுப்பி வையுங்கள். ஒகேனக்கலுக்கு அடுத்த ஆடியில் போய்க்கொள்ளலாம்.