சிறிய காரும் எண்ணெய்ச் சிக்கனமும்

தீபாவளி நெருங்கும்போது ஜொகூர்த் தோட்டங்களிலிருந்து சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைக்குத் துணிமணி வாங்கச் செல்லும் குடும்பங்கள் பல. முன்னர்ப் பேருந்தில் சென்றவர்களுள் பலர் இன்று சிறிய காரில் செல்கின்றனர். 1994ஆம் ஆண்டு 660 சி.சி. இயந்திரத்துடன் பெரோடுவா கஞ்சில் வெளிவந்த பின்னர், லயத்து வாசலில் கார் நிற்பது அரிய காட்சியாக இல்லை. சிறிய கார் எண்ணெயைக் குறைவாகவே குடிக்கும் என நாம் நம்புகிறோம். அது பாதி உண்மையே. மறுபாதி ஓட்டுபவரின் காலில் இருக்கிறது.

எண்ணெயின் அருமையைச் சிங்கப்பூரின் சட்டமே நமக்கு உணர்த்தும். அங்குப் பதிவான கார்கள் மலேசியாவுக்குப் புறப்படுகையில் தொட்டியில் பாதியளவேனும் எண்ணெய் இருக்க வேண்டும் என 1989இல் விதிக்கப்பட்டது. 1991இல் அது முக்கால் தொட்டியாக உயர்ந்தது. இக்கரையில் எண்ணெய் மலிவு என்பதே காரணம். அம்மலிவு நம் மக்களுக்கென அரசாங்கம் பொதுப்பணத்தைச் செலவிட்டு அளிப்பது. 2010 முதல் வெளிநாட்டு வாகனங்களுக்கு ரோன் 95 விற்கப்படுவதில்லை. மலிவாகக் கிடைப்பதை நாம் வீணாக்கலாகாது.

புறப்படுமுன் டயர்களைக் கவனிப்போம். காற்றுக் குறைந்த டயர் தரையோடு ஒட்டி இழுக்கும். எண்ணெயும் வீணாகும், டயரும் தேயும். டயர் சூடேறுமுன் காற்றை அளக்க வேண்டும். வேண்டாத சுமைகளையும் இறக்கிவிடுவோம்.

தோட்டத்துச் செம்மண் சாலையில் விரைந்து சென்று குழிதோறும் பிரேக்கை மிதிப்பதால் பயனில்லை. பால்மரத்தில் கத்தியை அழுத்தி வெட்டினால் மரம் காயப்படுமேயன்றிப் பால் பெருகாது. எண்ணெய் மிதியும் அத்தகையதே. மெல்ல அழுத்தி, ஒரே சீராகச் செல்வதே சிறப்பு.

இறக்கத்தில் கியரை எடுத்துவிட்டு நியூட்ரலில் உருட்டும் வழக்கம் நம்மிடையே உண்டு. இது ஆபத்தான சிக்கனம். எரிபொருளைப் பீச்சும் இக்கால இயந்திரங்களில், கியரிலிருந்தபடி மிதியிலிருந்து காலை எடுத்தால், எண்ணெய் வரத்துத் தானே நின்றுவிடும். நியூட்ரலிலோ இயந்திரம் அணையாதிருக்க எண்ணெய் எரிந்துகொண்டே இருக்கும். மேலும், இயந்திரத்தின் பிடிப்பு இல்லாமையால் முழுப் பாரமும் பிரேக்கின்மேல் விழும். பிரேக் சூடேறிப் பிடிக்காமற் போகலாம். இயந்திரத்தையே அணைத்து உருட்டுவது இதனினும் கொடிது. பிரேக்கிற்குத் துணையான விசை குன்றும், ஸ்டீயரிங்கும் பூட்டிக்கொள்ளக்கூடும். சில காசுகளுக்காகப் பின்னிருக்கையிலுள்ள பிள்ளைகளின் உயிரைப் பணயம் வைக்கலாமா?

நெடுஞ்சாலையில் நம்மை எதிர்ப்பது காற்று. வேகம் 90 கிலோமீட்டரிலிருந்து 110க்கு உயர்ந்தால் காற்றின் எதிர்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். சிறிய இயந்திரம் அதனைத் தாங்க மிகுதியாக உழைக்க வேண்டும். சிங்கப்பூரின் விரைவுச்சாலைகளில் 90க்கு மேற்படுவது குற்றமுமாகும்.

ஜொகூர்ப் பாலத்தின் நீளம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டரே. எனினும் விழாக்காலத்தில் அதனைக் கடக்க மணிக்கணக்காகலாம். வரிசை நெடுநேரம் அசையாது நின்றால் இயந்திரத்தை அணைப்பது நன்று. நெரிசலில் நிற்பதைத் தவிர, வேறு காரணத்திற்காக நிறுத்திய வாகனத்தில் இயந்திரத்தை ஓடவிடுவதைச் சிங்கப்பூர்ச் சட்டம் தடை செய்கிறது.

லிட்டில் இந்தியாவை அடைந்ததும் கடைக்குக் கடை காரை நகர்த்த வேண்டியதில்லை. ஓரிடத்தில் நிறுத்திவிட்டால் தேக்கா சந்தை, பஃபலோ சாலை, கேம்பல் சந்து ஆகியவற்றை நடந்தே சுற்றிவரலாம்.

சிக்கனத்தை அறிய எளிய கணக்கொன்று உண்டு. தொட்டியை நிரப்பி, ஓடிய தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுமுறை நிரப்பும்போது, இடையில் ஓடிய தூரத்தை, அப்போது ஊற்றிய லிட்டரால் வகுங்கள். 300 கிலோமீட்டருக்கு 20 லிட்டர் எனில், லிட்டருக்கு 15 கிலோமீட்டர். மாதந்தோறும் இதனைக் குறித்துவந்தால், காரின் பழுதும் காலின் பழக்கமும் தாமே வெளிப்படும். மிச்சமாகும் பணம் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு உதவட்டும்.